அஸ்கார்டியாவின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் (2018): வாக்கு மக்களிடம், பணம் யாரிடம்?

வான்வழிப்போக்கன் (இழையைத் தொடங்கியவர்)

நுண்நாடுகள் (சிலர் தாங்களாகவே அறிவித்துக்கொண்ட, பிற நாடுகள் அங்கீகரிக்காத நாடுகள்) பற்றி இங்கே எப்போது பேச்செடுத்தாலும் கொடி, தபால்தலை, கடவுச்சீட்டு என்று போய்விடுகிறது. எனக்கு அவற்றைவிட அவற்றின் தேர்தல்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு நாட்டை யார் வேண்டுமானாலும் அறிவித்துவிடலாம். அறிவித்த பிறகு வாக்கு கேட்டு நிற்பது வேறு கதை. அதனால் அஸ்கார்டியாவின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 அக்டோபர் 12 அன்று பாரிஸில் இகோர் அஷுர்பெய்லி இந்த ‘விண்வெளி நாட்டை’ அறிவித்தார். பாக்குவில் பிறந்தவர். ரஷ்யாவின் வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்புகளை வடிவமைக்கும் அல்மாஸ் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். நார்ஸ் புராணத்தில் தேவர்கள் வாழும் அஸ்கார்டின் பெயரைத் தன் நாட்டுக்கு வைத்தார். இணையத்தில் பதிவு செய்தால் குடியுரிமை. இரண்டு நாள் முடிவதற்குள் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள், சில வாரங்களில் அது ஐந்து லட்சத்தை எட்டியது. அப்புறம் போலிப் பதிவுகளைக் கழித்தபோது எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. 2017 ஜூனில் அரசியல் சாசனம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அஸ்கார்டியா-1 என்ற சிறு செயற்கைக்கோள் மேலே போனது. 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம், மூன்று கிலோவுக்கும் குறைந்த எடை. அதற்குள் 512 ஜிபி நினைவகம், அதில் குடிமக்கள் அனுப்பிய கோப்புகள், சாசனம், கொடி. அப்போதைக்கு அந்த நாட்டின் ‘நிலப்பரப்பு’ என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

2018இல் தேர்தல். மொத்தம் 150 இடங்கள். கட்சிகளே கிடையாது, எல்லோரும் தனிநபர்களாகத்தான் நிற்க வேண்டும். தொகுதி பிரித்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. நிலம் இல்லாத நாட்டில் தொகுதியை எப்படிப் பிரிப்பது? மொழிவாரியாகப் பிரித்தார்கள். குடிமக்களில் அதிகம் பேர் பேசும் மொழிகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த மொழிக்காரர்களின் எண்ணிக்கையைப் பார்த்து இடங்களைப் பகிர்ந்தார்கள். துருக்கிய மொழி பேசும் ஒருவர் இஸ்தான்புல்லில் இருந்தாலும் பெர்லினில் இருந்தாலும் ஒரே வேட்பாளர் பட்டியலைத்தான் பார்க்கிறார்.

அந்த ஜூனில் வியன்னாவில் உறுப்பினர்கள் கூடினார்கள். பிரிட்டனின் முன்னாள் எம்.பி. லெம்பிட் ஓப்பிக் அவைத்தலைவரானார். ஜூன் 25 அன்று ஹோஃப்பர்க் அரண்மனையில் அஷுர்பெய்லி நாட்டுத் தலைவராகப் பதவியேற்றார்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். இந்த நாடாளுமன்றத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ‘ஐ.நா. அங்கீகரிக்குமா’ என்று கேட்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. நாட்டைத் தொடங்கியவர் பணம் செலவழிக்கிறார், திட்டம் போடுகிறார். அவரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்லி, அந்தச் சொல்லை நிலைநிறுத்த இந்த 150 பேரால் முடியுமா? முடிந்தால் அது நாடாளுமன்றம், நிலம் இருக்கிறதோ இல்லையோ. முடியாவிட்டால் ஐ.நா.வே வந்து கைகுலுக்கினாலும் அது ஆலோசனைக் குழுதான். இதில் உங்கள் கருத்து என்ன?

---

கரிசல்காட்டான்

அண்ணே, நீங்கள் கேட்கிற கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நாடே இல்லாத இடத்தில் நாடாளுமன்றம் எதை ஆளும்? 1933 மாண்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு நாலு விஷயம் கேட்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவுகொள்ளும் திறன். அஸ்கார்டியாவில் மக்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆளாளுக்கு வேறு நாட்டுக் குடிமக்கள், அங்கேயே வரி கட்டுகிறார்கள், அங்கேயே வாக்களிக்கிறார்கள். நிலம் என்று இருந்தது அந்தக் கையளவு செயற்கைக்கோள். நான் யாரையும் மட்டம் தட்டச் சொல்லவில்லை. ஒரு சட்டமன்றம் சட்டம் போட்டால் அதை மீறினவனுக்கு ஏதாவது நடக்க வேண்டும். இங்கே மீறினவன் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் அது எப்படிச் சட்டம்?

---

மழைத்தும்பி

நாடா இல்லையா என்பதைப் பெரியவர்கள் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த நாடாளுமன்றத்துக்கு நிற்க 40 வயது ஆகியிருக்க வேண்டும். அவைத்தலைவராக வேண்டுமென்றால் 50.

பதிவு செய்த கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இணையத்தில் ஒரு படிவத்தைப் பார்த்ததும், விண்வெளிக்குப் போகும் நாட்டில் நானும் இருக்கிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், இருபதுகளில் இருப்பவர்கள். அவர்கள் வாக்குப் போடலாம், நிற்க முடியாது. இந்திய மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கே 30தான். பிரிட்டனில் 18 வயதில் நிற்கலாம். பழைய நாடுகள் எல்லாம் வயதைக் குறைத்துக்கொண்டு வரும்போது, எதிர்காலத்தின் நாடு என்று சொல்லிக்கொள்வது எதற்காக 40இல் போய் நிற்கிறது?

அனுபவம் வேண்டும் என்பார்கள். விண்வெளிக் குடியேற்றத்தில் யாருக்கு அனுபவம் இருக்கிறது? நிலவில் நிரந்தரக் குடியிருப்பு, விண்ணில் பிறக்கும் முதல் குழந்தை என்பதெல்லாம் அவர்கள் பேசும் இலக்குகள். அது நடந்தால் அங்கே போய் வாழப் போவது இன்று இருபது வயதில் இருப்பவர்கள். அவர்களைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அண்ணா, நீங்கள் ‘இல்லை என்று சொல்லும் உரிமை’ பற்றிக் கேட்டீர்கள். நிற்கவே உரிமையில்லாதவர்கள் அதைப் பற்றி என்ன சொல்வது?

---

சட்டப்புள்ளி

கரிசல்காட்டான் சொன்ன மாண்டிவிடியோ வாதம் சரி, ஆனால் அஸ்கார்டியாவைப் பொறுத்தவரை அதைவிட நெருக்கமாகப் பொருந்தும் சட்டம் 1967 விண்வெளி ஒப்பந்தம். விண்வெளிச் சட்டம் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இரண்டாம் பிரிவின்படி நிலவையோ வேறு விண்பொருளையோ எந்த நாடும் தன்னுடையது என்று உரிமை கொண்டாட முடியாது. இதை மட்டும் படித்துவிட்டு, ‘நாங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, எங்களை அது கட்டுப்படுத்தாது’ என்று சில நுண்நாடுகள் சொல்வதுண்டு. ஆறாம் பிரிவு அந்த வாசலை அடைக்கிறது. தனியார் செய்யும் விண்வெளி நடவடிக்கைகளுக்கும் ஏதாவது ஒரு நாடு அனுமதி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வையிட்டு, பொறுப்பேற்க வேண்டும். எட்டாம் பிரிவின்படி, மேலே போன பொருளின் மீதான அதிகாரம் அதைத் தன் பதிவேட்டில் பதிந்த நாட்டுக்குத்தான்.

இப்போது அஸ்கார்டியா-1 எப்படிப் போனது என்று பாருங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாலப்ஸ் ஏவுதளம். ஆர்பிட்டல் ஏடிகே நிறுவனத்தின் அன்டாரஸ் ராக்கெட். அதன் மேல், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன சிக்னஸ் கலம். நிலையத்துக்கான உணவு, கருவிகளோடு இந்தச் செயற்கைக்கோளும் ஒரு சரக்காகப் போனது. பிறகு சுற்றுப்பாதையில் விடப்பட்டது. 1972 பொறுப்புடைமை உடன்படிக்கையின் கண்ணில் ஏவிய நாடு அமெரிக்கா. அது யார் தலையிலாவது விழுந்திருந்தால் இழப்பீட்டுக்கு அமெரிக்காவிடம்தான் போயிருப்பார்கள். ஆக, நாடாளுமன்றம் கூடி ‘செயற்கைக்கோளில் எங்கள் சட்டமே செல்லும்’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அதற்கு மதிப்பில்லை. 2022இல் அது வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தும் போய்விட்டது.

ஆனால் இழை தொடங்கியவரின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். வெளியுலகச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறதா என்பது ஒன்று, உள்ளே அதிகாரம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரு சங்கம், ஒரு அறக்கட்டளை, ஒரு கூட்டுறவு நிறுவனம் எதையும் இதே அளவுகோலால் அளக்கலாம். கரிசல்காட்டான், மீறினவன் கணினியை அணைத்துவிட்டுப் போவான் என்றீர்கள். சங்கத்தை விட்டும் அப்படிப் போகலாம். அதற்காகச் சங்க விதிகளுக்கு அர்த்தமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

---

வான்வழிப்போக்கன்

நன்றி சட்டப்புள்ளி, நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

உள்ளே அதிகாரம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதற்குச் சாசனத்தையே பார்க்கலாம். நாட்டுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். அது நிறைவேற்றும் சட்டத்தை நிராகரிக்கலாம். ஆணைகள் பிறப்பிக்கலாம், அவை அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும். தலைமை நீதிபதியை நியமிப்பதில் அவர் கை இருக்கிறது. தேசிய வங்கியின் தலைவர் நியமனத்தைத் தடுக்கவும் முடியும். எதிர்ப்பக்கம் நாடாளுமன்றமும் தலைமை நீதிபதியும் அவரை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி இருப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தன்னைக் கலைக்கக்கூடியவரை நீக்க ஒரு அவை துணிய வேண்டும் என்றால் அதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். உலகம் முழுக்க நாடாளுமன்றங்களுக்கு அப்படிக் கையில் இருந்தது பணப்பை. இங்கிலாந்தில் சார்லஸ் மன்னர் பதினோரு ஆண்டு நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டுவிட்டு, 1640இல் மறுபடி ஏன் கூட்டினார்? ஸ்காட்லாந்துப் படையைச் சமாளிக்கக் காசு இல்லை. அவையின் மேல் அவருக்குப் பாசம் வந்து கூட்டவில்லை.

அஸ்கார்டியாவில் அவையிடம் அந்தப் பணப்பை இல்லை. தொடக்கச் செலவு பெரும்பாலும் நிறுவனரின் சொந்தப் பணம். பிறகு குடியிருப்பாளர் தகுதிக்கு 100 யூரோ கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். இதைப் பலர் திட்டினார்கள். நான் அந்தக் கட்டணத்தை வரவேற்கிறேன், ஏனென்றால் குடிமக்கள் காசு கொடுக்கும்போதுதான் ‘எங்கள் காசை என்ன செய்தீர்கள்’ என்று அவர்களின் உறுப்பினர் எழுந்து நின்று கேட்க முடியும். இலவச நாட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாசனம் 2017, நாடாளுமன்றம் 2018. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் அந்தச் சாசனத்தின் ஒரு வரியைக்கூட எழுதவில்லை. தயாராக வந்த உரைக்கு ஏற்கிறேன் அல்லது இல்லை என்று சொல்வது மட்டும்தான் மக்களுக்குக் கிடைத்தது. 40 வயது விதியும் அப்படி வந்ததுதான் தங்கை. தேர்தலுக்கு முன்னால் அதை மாற்ற எந்த அவையும் இருக்கவில்லை.

---

கரிசல்காட்டான்

இந்தியாவிலும் சாசனம் முதலில், பொதுத்தேர்தல் பிறகுதானே? 1949 நவம்பரில் ஏற்றுக்கொண்டார்கள், முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில்தான் தொடங்கியது. அதனால் நம் நாடாளுமன்றம் பொய்யாகிவிட்டதா?

---

சட்டப்புள்ளி

இல்லை. ஆனால் எழுதிய அரசியல் நிர்ணய சபையை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் வாக்குரிமை இல்லாத காலத்துத் தேர்தல்தான், குறை உண்டு. இருந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாக விவாதித்து, ஆயிரக்கணக்கான திருத்தங்களை எடுத்துப் பார்த்து, பதிவேட்டோடு முடித்தார்கள். அம்பேத்கர் எழுந்து பதில் சொன்ன விவாதங்களை இன்றைக்கும் படிக்கலாம். யார் எதற்கு மறுப்புச் சொன்னார் என்பது தெரியும். வான்வழிப்போக்கன் அஸ்கார்டியாவில் இல்லை என்று சொல்வது அந்த மறுப்புக்கான இடத்தை.

---

நாஞ்சில்குமரி

தொகுதியை மொழியால் பிரித்தார்கள் என்று படித்ததும் எல்லோர் மனதிலும் எழுந்திருக்கும் கேள்வியை யாரும் கேட்கவில்லை. தமிழுக்கு இடம் இருந்ததா?

---

வான்வழிப்போக்கன்

தமிழுக்குத் தனி இடம் இல்லை அக்கா. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையில் முன்னால் நின்ற மொழிகளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் தெரிந்த இன்னொரு மொழியின் கீழ்தான் வாக்களிக்க முடியும். நம்மாட்கள் பதிந்திருந்தால் ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

---

நாஞ்சில்குமரி

அப்படியானால் ஆங்கிலத் தொகுதி என்பது உண்மையில் ஒரு தொகுதியே இல்லை. லண்டன்காரர், லாகோஸ்காரர், நாகர்கோவில்காரர், மணிலாக்காரர் எல்லோரும் ஒரே வாக்காளர் பட்டியலில். அவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? ஹங்கேரிய மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பார்கள், வேட்பாளர் யார், என்ன செய்தவர் என்று விசாரிக்க முடியும். ஆங்கிலத்தில் அது நடக்காது. யார் பெயர் முன்பே பிரபலமோ அவருக்குத்தான் வாக்கு போகும்.

ஆனாலும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு, டொராண்டோ எல்லாம் ஒரே தொகுதியாக இருந்து, ஒரே மேடையில் வேட்பாளர்கள் தமிழில் பேசி வாக்கு கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நிலத்தால் பிரிந்த தொகுதியில் அடுத்த தெருக்காரனோடு சேர்ந்து வாக்களிக்கிறோம், சாலை, தண்ணீர் என்று கேட்கிறோம். மொழியால் சேர்ந்த தொகுதியில் என்ன கேட்போம்? அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தங்கள் மொழிக்காரர்களுக்காக என்று எதைக் கேட்டிருக்க முடியும்? சாலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

---

பழைய_நூலகன்

நாஞ்சில்குமரி கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. வான்வழிப்போக்கன் கேட்டதற்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. தலோசா.

1979 டிசம்பர் 26. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். ராபர்ட் பென் மேடிசன் என்ற பள்ளிச் சிறுவன் தன் படுக்கையறையைத் தனி முடியரசாக அறிவித்தான். ஆரம்பத்தில் குடும்பமும் நண்பர்களும் மட்டும். பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள், 1990களின் நடுவில் இணையத்துக்கு வந்த பிறகு வெளிநாட்டினரும் சேர்ந்தார்கள். அஸ்கார்டியா ஒரு வாரத்தில் சேர்த்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அவர்களிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் நாடாளுமன்றம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது அந்தச் சின்ன நாடுதான்.

கோசா என்று அதன் கீழவைக்குப் பெயர். 200 இருக்கைகள். கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி இருக்கைகள் பிரியும். மக்கள்தொகை சிறிது என்பதால் ஒரே உறுப்பினர் பல இருக்கைகளை வைத்திருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ‘கிளார்க்’ என்ற ஏடு வரும். அந்த மாதத்து மசோதாக்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும், உறுப்பினர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, நடுநிலை என்று குறித்து அனுப்ப வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: மசோதாக்களோடு கூடவே, இந்த அரசின் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்ற கேள்வியும் ஒவ்வொரு மாதமும் அந்த ஏட்டில் இருக்கும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர யாரும் துணிய வேண்டியதில்லை, கையெழுத்துத் திரட்ட வேண்டியதில்லை, அவைத்தலைவர் அனுமதிப்பாரா என்று காத்திருக்க வேண்டியதில்லை. கேள்வி தானாகவே வந்து நிற்கும். ஒவ்வொரு உறுப்பினரும் மாதாமாதம் பெயர் போட்டுப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வான்வழிப்போக்கன் ‘துணிவு வேண்டும்’ என்று எழுதினார் அல்லவா? நல்ல விதி ஒன்று இருந்தால் அவ்வளவு துணிவு தேவைப்படாது. சாதாரண ஆட்களும் சாதாரணமாக இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 ஜூனில் ஒரு பகுதியினர் மன்னர் மேடிசனோடு முரண்பட்டுப் பிரிந்து குடியரசு ஒன்றை அறிவித்தார்கள். மன்னர் 2005இல் விலகினார். 2007இல் வேறொருவர் மன்னரானார். 2012இல் இரு தரப்பும் பேசி மறுபடி ஒன்றானார்கள். நிறுவனர் போன பிறகும் நாடு நின்றது. நிறுவனர் இல்லாமல் அவை கூடியது, தேர்தல் நடந்தது. முதல் தேர்தல் வென்றதா என்பதை அந்த நாளில் சொல்ல முடியாது, இந்த இடத்தில்தான் தெரியும்.

---

கரிசல்காட்டான்

இந்த மாதாமாத நம்பிக்கை வாக்கு நல்ல ஏற்பாடு. நம் ஊராட்சிகளிலேயே வைக்கலாம் போலிருக்கிறது. நிலம் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் விதி என்று பார்த்தால் தலோசாக்காரர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

---

ஆற்றங்கரை

நிலம் வேண்டும் என்பவர்களுக்கு லிபர்லாந்து. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் கோர்ன்யா சிகா என்ற ஏழு சதுர கிலோமீட்டர் காடு. குரோஷியா அது செர்பியாவுடையது என்கிறது, செர்பியா அதற்கு உரிமை கோரவில்லை. எல்லைத் தகராறில் இரண்டு பேரும் கைவிட்ட துண்டு. செக் நாட்டைச் சேர்ந்த வீட் யெட்லிச்கா 2015 ஏப்ரல் 13 அன்று அங்கே கொடி நாட்டினார். நிலம் உண்மையான நிலம், மரம் இருக்கிறது, மணல் கரை இருக்கிறது. ஆனால் குரோஷியக் காவல்துறை ஆட்களைத் தடுத்துக்கொண்டே இருந்தது, 2023இல் அங்கே கட்டியிருந்த கொட்டகைகளையும் இடித்துப்போட்டது. ஆக கரிசல்காட்டான் அண்ணே, நிலம் இருந்தும் பலன் இல்லை.

தேர்தல் என்று வந்தால் அவர்கள் அஸ்கார்டியாவுக்கு நேர் எதிர்த்திசையில் போனார்கள். வாக்குப்பதிவு பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் மின்பதிவேட்டில். மெரிட் என்ற டோக்கன் (அவர்களின் மின்நாணயம்) யாரிடம் அதிகமோ அவருடைய வாக்குக்குப் பலமும் அதிகம். 2024 அக்டோபரில் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் அந்த முறையில் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்கை யாரும் திருத்த முடியாது, எல்லோரும் சரிபார்க்கலாம். எண்ணுவதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் எண்ணப்பட்டது ஆட்களை அல்ல, டோக்கன்களை.

வான்வழிப்போக்கன், இங்கேதான் உங்கள் வாதத்தில் எனக்கு ஒரு கவலை. பணப்பை நாடாளுமன்றத்திடம் இருக்க வேண்டும் என்கிறீர்கள். காசு கொடுப்பவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை என்றும் சொன்னீர்கள். அந்தப் பாதையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் அதிகக் காசு கொடுப்பவனுக்கு அதிகக் கேள்வி என்று வந்து நிற்கும். லிபர்லாந்து வந்து நிற்பது அங்கேதான். 100 யூரோ லண்டனில் ஒரு இரவுச் சாப்பாடு, டாக்காவில் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம். அந்தக் கட்டணம் வந்ததும் யார் உள்ளே இருப்பார்கள், யார் வெளியே போவார்கள் என்று யோசித்தீர்களா?

---

நெறியாளர்

கைலாசா பற்றி வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அந்த விவாதம் அங்கே தொடரட்டும். இங்கே தேர்தல் நடத்திய நுண்நாடுகள் பற்றி மட்டும்.

---

மழைத்தும்பி

ஆற்றங்கரை கேட்டதை நானும் கேட்கிறேன். வயதால் ஒரு வேலி, கட்டணத்தால் இன்னொரு வேலி.

இத்தாலியின் செபோர்காவையும் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். லிகூரியா மலையில் முந்நூறு சொச்சம் பேர் வாழும் ஊர், பூ வளர்ப்புத் தொழில். 1995இல் சுதந்திரம் பற்றி வாக்கெடுத்தார்கள், ஆதரவாக 304, எதிராக 4. இத்தாலி கண்டுகொள்ளவில்லை, ஊர்க்காரர்கள் இத்தாலிக்கே வரி கட்டுகிறார்கள், நகராட்சித் தேர்தலிலும் வாக்களிக்கிறார்கள். ஆனால் அரச பதவிக்கும் தேர்தல் வைக்கிறார்கள். 2019இல் நீனா மெனெகாட்டோ இளவரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

எனக்கு அதில் பிடித்தது அந்த 4 வாக்கு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் நாலு பேர் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள், அது எண்ணப்பட்டு அறிவிக்கவும் பட்டிருக்கிறது. அடுத்த நாளும் அதே கடையில்தான் காபி குடித்திருப்பார்கள். இணையத்தில் பதிந்த லட்சம் பேருக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்?

---

வான்வழிப்போக்கன்

கட்டணம் பற்றிய கேள்வி நியாயமானது, நேராகவே பதில் சொல்கிறேன். காசு கொடுப்பது வேண்டும், ஒரே தொகையாக இருக்க வேண்டியதில்லை. டாக்காவில் இருப்பவர் அவர் ஊர்க் கணக்கில் ஒரு நாள் கூலி கொடுக்கட்டும், லண்டனில் இருப்பவர் அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுக்கட்டும். வாக்கு இரண்டு பேருக்கும் ஒன்றே. லிபர்லாந்து வழுக்கிய இடம் காசுக்கு ஏற்ப வாக்கை எடை போட்டது. காசு வாங்கியதில் தவறில்லை.

பழைய_நூலகன் ஐயா சொன்ன மாதாமாத நம்பிக்கைக் கேள்வியைத்தான் அஸ்கார்டியாவின் நாடாளுமன்றம் முதல் அமர்விலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பதவியேற்பு நடந்த அந்த வாரத்தில் அவர்களுக்கு ஒரு பலம் இருந்தது. ஹோஃப்பர்க்கில் விழா, உலகப் பத்திரிகைகள் வந்திருக்கின்றன, நிறுவனருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று தேவை. அந்த நேரத்தில் ‘ஆண்டு வரவு செலவு எங்கள் முன் வைக்கப்பட வேண்டும், நாங்கள் நிராகரித்தால் செலவு நிற்க வேண்டும்’ என்ற ஒரு வரியைக் கேட்டிருந்தால் மறுப்பது கடினம். பிறகு கேட்டால் யார் காதில் விழும்?

லெம்பிட் ஓப்பிக்கை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தாத்தா எர்ன்ஸ்ட் ஓப்பிக் எஸ்டோனியாவின் பெரிய வானியலாளர், பிறகு வட அயர்லாந்தில் ஆர்மா வானாய்வகத்தில் பணியாற்றியவர். பேரன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்த 1997 முதல் 2010 வரையான காலத்தில், பூமியை நெருங்கும் சிறுகோள்கள் பற்றி அரசு கவனிக்க வேண்டும் என்று தொடர்ந்து குரல் கொடுத்தார். பலர் கேலி செய்தார்கள். அவர் விடவில்லை, பிரிட்டன் அரசு அதற்கென ஒரு பணிக்குழுவே அமைத்தது. சிறுகோள் ஆபத்திலிருந்து பூமியைக் காப்பது அஸ்கார்டியா அறிவித்த நோக்கங்களில் ஒன்று. ஆகவே அங்கே போனவர்கள் எல்லோரும் பட்டத்துக்காகப் போனவர்கள் இல்லை. ஒரு எம்.பி. எழுந்து நின்று அரசைத் தொந்தரவு செய்தால் என்ன நடக்கும் என்று சொந்த அனுபவத்தில் தெரிந்தவர் அந்த அவைக்குத் தலைவர். அவர் கையில் பணப்பையும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

நாஞ்சில்குமரி அக்கா, சாலையும் தண்ணீரும் இல்லாத இடத்தில் உறுப்பினர் எதைக் கேட்பார் என்றீர்கள். நான் முதலில் கேட்பது இது: சட்டங்கள், அவை நடவடிக்கைகள், வரவு செலவுக் கணக்கு எல்லாம் என் மொழியில் வர வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அங்கே குடிமகனாக இருக்க முடியாவிட்டால் மொழிவாரித் தொகுதி அரைகுறைதான்.

---

நாஞ்சில்குமரி

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். கூடவே இன்னொன்று: ஒரு மொழிக்காரர்கள் எத்தனை பேர் சேர்ந்தால் தனி இடம் என்று எண்ணிக்கையைச் சாசனத்திலேயே எழுதி வைக்க வேண்டும். முன்னணி மொழிகள் என்று பொத்தாம்பொதுவாக விட்டால் பட்டியலை யார் போடுகிறாரோ அவர் கையில் போய்விடும். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம். அந்த ஆயிரத்தை நாங்கள் திரட்டிக்கொள்கிறோம்.

---

சட்டப்புள்ளி

தொகுதி மறுவரையறையை ஆளும் தரப்பிடம் விடக்கூடாது என்ற பழைய பாடம்தான் இது, சரியான இடத்தில் சொன்னீர்கள். எண்ணிக்கையோடு, எந்தத் தேதியின் பதிவேட்டை வைத்து எண்ணுவது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அஸ்கார்டியாவின் பதிவேடு ஐந்து லட்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியதை முதல் பதிவிலேயே பார்த்தோம். எண்ணும் நாள் மாறினால் இடங்கள் மாறிவிடும்.